பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்

கரமனை, திருவனந்தபுரம்
10.11.2024

அன்புள்ள உலகம்மை அக்காவுக்கு,

அஸ்வதி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் மாளுவும் சுகம். உனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாயே, இப்போது எப்படி? அத்தானுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

போனில் நான் கத்த, உனக்குப் பாதிதான் காதில் விழ, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முழுக்கதையும் தெரிகிறது. வாட்ஸாப் எழுத்தும் பொடிப்பொடியாக இருக்கிறது என்கிறாய். அதனால் இனி கடிதம்தான். பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் மறுபடியும் தண்ணீர். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகள் மிதந்தன. சமையல் அறையில் அரிசி நனைந்துவிட்டது. பார்வதியம்மாள் அதைத் தார்ப்பாயில் பரப்பி வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குகிறவள் அவள்தான். நாஞ்சில் நாட்டுக்காரி. பள்ளிக்கூடத்தை ஒட்டிய தாழ்ந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வயல் உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே ஏலா என்பார்கள். நடுவது நின்றதும் அது சதுப்பாயிற்று. பிறகு குப்பையும் இடித்த கட்டடத்து மண்ணும் கொட்டி, பாதி மேடாகிவிட்டது. ஆற்றுக்குப் போகும் ஓடையும் அடைந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் வேறு எங்கே போகும்? அதைத் தோண்டிப் பழையபடி நீர் நிற்கும் இடமாக்க வேண்டும் என்று பி.டி.ஏ. கூட்டத்தில் சொன்னேன். சொன்ன டீச்சரே பொறுப்பு என்று முடித்துவிட்டார்கள். அவர் சாலை பஜார்க் கடையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் வருவதாகச் சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அஸ்வதி


தென்காசி
2.12.2024

அருமைத் தங்கச்சி அஸ்வதிக்கு, அக்காவின் ஆசிகள்.

உங்கள் மூன்று பேர் சுகத்துக்கும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அத்தானுக்குக் கால் வடிந்துவிட்டது. வாய்தான் வடியவில்லை.

என் சங்கதி இதுதான்: திருநெல்வேலி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மூன்று இடத்தில் அடைப்பு என்கிறார். மாசி மாதம் நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். நீ ஓடை அடைப்பை எடுக்கிறாய், அவர் என் அடைப்பை எடுக்கப்போகிறார். பயப்படாதே, எனக்கே பயம் இல்லை. இப்படி எழுதும்போது இல்லை, படுத்தால் வருகிறது.

அந்த வயலில் நான் தண்ணீர்ப்பாம்பு மிதித்திருக்கிறேன். செருப்பில்லாமல் இறங்காதே. மாப்பிள்ளையையும் இறக்குகிறாயாக்கும். நல்ல மனுஷன், கடையில் நின்று வந்த காலோடு மண் அள்ளவும் வருகிறாரே.

மாளு தமிழ் எழுதுகிறாளா இல்லையா? மலையாளமே எழுதிக்கொண்டிருந்தால் பெரியம்மாவுக்கு யார் கடிதம் எழுதுவது? இனி உன் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவள் கையெழுத்தில் நாலு வரி வேண்டும். அது இல்லாத கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

உன் அக்கா,
உலகம்மை


கரமனை
23.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அத்தான் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு இறங்கியது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அத்தான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாதத்துக்கு உன் காதில் ஒரு கெட்ட செய்தியும் விழக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஆகையால் நல்ல செய்தி மட்டும்.

ஏலாவில் தண்ணீர் நிற்கிறது, அக்கா. ஜேசிபி இரண்டு வாரம் ஓடியது. மற்றதெல்லாம் கையால் செய்தோம். ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துப் பார்வதியம்மாளின் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அந்த வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஓடை வாயைத் திறந்தபோது அடியில் ஒரு மோட்டார் சைக்கிளே கிடந்தது. இவர் ஞாயிறு தோறும் வந்து கரை கட்டினார். கரையில் தாழையும் கோரையும் நட்டிருக்கிறோம். பிப்ரவரியில் வந்த கோடைமழைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. தலைமை ஆசிரியர் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

லீவு விட்டதும் பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள் என்று நினைக்கிறேன். மீதியை உன் பெரிய மனுஷி எழுதுவாள்.

அன்புடன்,
அஸ்வதி

பெரியம்மா, சுகமா? எனக்கு நீந்தத் தெரியும். அப்பா படிப்பிச்சார். தாமரைக்கோழி முட்டை இட்டிருக்கு, தொடப்பாடில்லன்னு அம்மா சொன்னா. உங்க நெஞ்சுல எத்தனை தையல்? வலிச்சா என்னை நினைச்சுக்கணும்.
மாளவிகா, 5 பி


தென்காசி
15.4.2025

அருமைத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் என் செல்ல மாளுவுக்கும் ஆசிகள்.

தையல் எத்தனை என்று நான் எண்ணவில்லை, கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை. மாளுவின் எழுத்தை அத்தானிடம் காட்டினேன். ‘தொடப்பாடில்ல’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார். காபி டம்ளரை எடுத்தாலே தொடப்பாடில்ல என்கிறார்.

லீவுக்கு அவளை இங்கே அனுப்பு. வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவள் வந்தால் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். நம் அருமைநாயகம் சித்தப்பா கடைச் சரக்கு எடுக்க அங்கே வருகிறார். அவரிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த தடவை அவர் வரும்போது மாளுவை அவரோடு ஏற்றிவிடு.

தண்ணீரில் ரொம்ப ஆட விடாதே, கருத்துப்போவாள்.

உன் அக்கா,
உலகம்மை


திருவனந்தபுரம்
11.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ மாத்திரை விடாமல் போடு. நடைப்பயிற்சியை வெயிலுக்கு முன்பே முடித்துவிடு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாம்பழம் கிடைத்தது. மாளுவை இந்த லீவுக்கு அனுப்ப முடியாது போலிருக்கிறது. அவளுக்கு வேறு ஏற்பாடாகிவிட்டது.

ஏலாவைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர் வெயிலில் குறைந்து, நடுவில் மட்டும் நிற்கிறது. தாமரைக்கோழிக் குஞ்சுகள் இலைமேல் நடக்கின்றன என்று பார்வதியம்மாள் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. சுகாதார இலாகா ஆட்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். கரையில் கயிறு கட்டிப் பிள்ளைகள் இறங்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேனல் காலத்தில் இப்படிச் செய்வது வழக்கம்தான்.

இதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். மாளு தூங்குகிறாள், அதனால் அவள் வரிகள் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அஸ்வதி


தென்காசி
3.6.2025

அஸ்வதிக்கு,

நேற்று அருமைநாயகம் சித்தப்பா வந்தார். வந்தவர், “மாளவிகாவுக்கு இப்பமாவது நெனவு திரும்புச்சா?” என்று கேட்டார். அத்தான் பின்னால் நின்று கையைக் காட்டியிருக்கிறார், இவர் பார்க்கவில்லை. எனக்குக் காது மந்தம். அந்தக் கேள்வி மட்டும் சுத்தமாகக் கேட்டது.

பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஐ.சி.யூ.வில் இருக்கிறாளாம். அத்தானுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். மாப்பிள்ளைக்கு, உனக்கு, சித்தப்பாவுக்கு, இங்கே எதிர்த்த வீட்டு டீச்சருக்குக்கூடத் தெரியும். நான் இங்கே அவள் ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, பார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கார் பயணம் கூடாது என்று டாக்டர் பிடிவாதமாக இருக்கிறார். அத்தான் வாசலில் குறுக்கே நிற்கிறார். எனக்கு நல்ல செய்தி வேண்டாம், அஸ்வதி. நடந்ததை எழுது.

அக்கா


மருத்துவமனை, திருவனந்தபுரம்
8.6.2025

அக்கா,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

உன் மாம்பழக் கூடை வந்த அன்று ஒரு பழத்தை நறுக்கிக் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, “இதுக்கு வாசனையே இல்லியே அம்மா” என்றாள். ஜலதோஷம் என்று நினைத்தேன். அன்று மாலை தலைவலி. மறுநாள் காய்ச்சலும் வாந்தியும். அதற்கடுத்த நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நான் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். கழுத்தைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்து, டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே, குளத்தில் குளித்த பிள்ளை என்று சொன்னேன்.

அமீபா மூளைக்காய்ச்சல். தேங்கிய, சூடான தண்ணீரிலிருந்து மூக்கு வழியாக ஏறும். ஆயிரம் பிள்ளைகள் குளித்தால் ஒருத்திக்கு வருமா என்றுகூடச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவளோடு குளித்த வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துக் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள் என்று நான் சொல்கிறேன். நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. பிறகு வலிப்பு வந்தது. இப்போது மிஷின்தான் மூச்சு விடுகிறது. நேற்று முதல் நுரையீரலில் சளி.

எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டிலில் எடுத்த தண்ணீரில் ஏலாவிலும் அது இருந்தது, எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் இருந்தது. இதை இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொட்டியை ஏறிப் போய் உடைத்தார். இவர்தான் அவளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தவர். அதை நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. பகலில் நான் பெஞ்சில், ராத்திரி இவர். மாறும்போது பிளாஸ்க்கைக் கைமாற்றிக்கொள்கிறோம்.

உன்னிடம் மறைத்தது அத்தானுக்காக மட்டும் இல்லை. உனக்கு எழுதும் காகிதத்திலாவது அவள் தூங்கிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது.

அஸ்வதி


தென்காசி
14.7.2025

என் அஸ்வதிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டர் திட்டினார், திட்டட்டும்.

அங்கே இருந்த பதினாறு நாளும் உன்னோடு நான் ஒரு வார்த்தைகூடச் சரியாகப் பேசவில்லை. வருகிறவர்களுக்குக் காபி போட்டேன், பாத்திரம் கழுவினேன். நீ ஒரு மூலையில், மாப்பிள்ளை ஒரு மூலையில். அவளை எடுத்துக்கொண்டு போனபோது மாப்பிள்ளை தெருமுனை வரை செருப்பில்லாமல் போனார், யாரோ பின்னால் செருப்பைக் கொண்டு ஓடினார்கள். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பார்வதியம்மாள் தினமும் பின்வாசல் வழியாகக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு முகம் காட்டாமல் போனாளே, ஏன் என்று கேட்டேன். “டீச்சர் என்னைப் பார்த்தா அந்த ஏலா வெள்ளத்தை நினைப்பாங்க” என்றாள்.

ஏலாவை மூடிவிட வேண்டும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசினார்கள். அதில் ஏதாவது உண்டா? சாப்பிடு. இல்லாவிட்டாலும் சாப்பிட்டேன் என்று எழுது.

அக்கா


கரமனை
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டேன். நீ நடக்கிறாயா?

கேட்டிருந்தாயே, ஏலாவை மூடியாயிற்று. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கவுன்சிலர், பெற்றோர்கள், சுகாதார இலாகாவில் ஒருவர். அவர், மூடுவது தீர்வு இல்லை, பிள்ளைகள் இறங்காமல் வேலி போட்டால் போதும், இது ஊரில் எந்தத் தண்ணீரிலும் இருக்கலாம் என்றார். பெற்றோர்கள் அவரைப் பேச விடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஈரநிலத்தை மூடச் சட்டம் விடாது, ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் சட்டம் எழுந்து வரும். கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்தி. அதனால் கவுன்சிலர் என் பக்கம் திரும்பி, டீச்சர் என்ன சொன்னாலும் அதன்படி நடப்போம் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து பார்வதியம்மாள் எழுந்தாள். “டீச்சரே, அதை மூடினா வெள்ளம் எங்க வீட்டுக்குள்ளதான் வரும். பிள்ளையைப் பறிகுடுத்தவங்க கிட்ட இதைச் சொல்லப்படாது. சொல்லாம இருக்கவும் முடியல்ல” என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆறு மாதம் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். இவர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தபோது வேலியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

“மூடிடுங்க” என்றேன்.

மறுநாளே லாரிகள் வந்தன. செம்மண். ஐந்தாம் வகுப்பில் நான் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மண் சரியும் சத்தம். பிள்ளைகள் எழுந்து பார்த்தார்கள். நான் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டேன். கோரை, தாழை, ஓடை வாய், எல்லாம் போயிற்று. மனம் ஆறும் என்று நினைத்தேன், அக்கா. அந்த இடத்தைப் பார்க்கும்போது இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அஸ்வதி


தென்காசி
2.9.2025

அஸ்வதிக்கு, அக்காவின் ஆசிகள்.

நாங்கள் சுகம். நடக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேன் என்று யாரிடமும் வாதாடமாட்டேன். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்தப் பெண் எழுந்து நின்றது எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அவள் இப்போது உன்னோடு பேசுகிறாளா? மாப்பிள்ளை பேசுகிறாரா?

அக்கா


கரமனை
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதமுடியாமல்தான் இரண்டு மாதம் போயிற்று. நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று சித்தப்பா சொன்னார்.

பார்வதியம்மாள் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள். இவர் கடைக்குப் போவார், வருவார். வேண்டும், வேண்டாம் மட்டும்தான் பேச்சு. அவ்வளவுதான் இருந்தது.

அக்டோபர் கடைசியில் துலாவர்ஷம், நம் ஐப்பசி மழை, பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. சனிக்கிழமை காலை பார்வதியம்மாள் இடுப்பு வரை நனைந்து எங்கள் வாசலில் வந்து நின்றாள். வரிசை வீடுகளில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். வயதானவர்களைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றியாயிற்று. ஜேசிபி வர வழியில்லை. சாலையே தெரியவில்லை. ஆட்களிடம் மம்பட்டி இருக்கிறது, ஆனால் ஓடை வாய் மண்ணுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஒங்களுக்குத்தான் தெரியும். வந்து கை காட்டினா போதும், டீச்சர் இறங்க வேண்டாம்” என்றாள்.

இவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

செம்மண் மேட்டின் ஓரம், பள்ளிக்கூடச் சுவரின் மூலைத் தூணுக்கு நேரே கை காட்டினேன். ஆட்கள் வெட்டினார்கள். வெட்ட வெட்டச் சேறு சரிந்து மூடியது. இன்னும் இடப்பக்கம் என்று மேலே நின்று சொல்லிப் பார்த்தேன், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் இறங்கினேன். மார்பு வரை தண்ணீர். அது மூக்கில் ஏறிவிடாமல் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காலால் தேடி, பழைய கருங்கல் வரிசையைக் கண்டுபிடித்தேன். இங்கே என்றேன். பக்கத்தில் ஒரு மம்பட்டி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் இவர். எப்போது வந்தார் என்று தெரியாது. யாரையும் பார்க்காமல் வெட்டினார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதே என்று பார்வதியம்மாளிடம் கத்தினேன். அவள் கம்போடு நின்று அவர்களைத் துரத்தினாள்.

மத்தியானத்துக்கு மேல் மண் உடைந்தது. தண்ணீர் ஒரே இழுப்பாக ஆற்றுப் பக்கம் போயிற்று. மாலைக்குள் வீடுகளின் வாசற்படி தெரிந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. உள்ளே போய்ச் சேற்றை வழிக்கத் தொடங்கினார்கள். ஓடையை மறுபடி மூடுவதில்லை, வேலி போட்டுப் பள்ளத்தில் பாதியையாவது திரும்பத் தோண்டுவது என்று இப்போது பேச்சு நடக்கிறது. புகார் கொடுக்க வேண்டியிருந்தால் நானே கொடுப்பேன் என்று கவுன்சிலரிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணீரோடு எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வரிசை வீடுகளுக்குப் போகிறேன். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொருவர் வாசலிலும் நின்று, தலைவலி இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, கழுத்தைத் திருப்ப முடிகிறதா என்று கேட்கிறேன். முதலில் பயந்தார்கள். இப்போது நான் கேட்கும் முன்பே கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். பார்வதியம்மாள் நேற்று என் முகத்தைப் பார்த்து, “எனக்கு ஒண்ணுமில்ல டீச்சரே, நாளைக்கும் வாங்க” என்றாள்.

கடைசியாக வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவார், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார். இன்று காலையும் கேட்டேன். தலையாட்டிவிட்டு வாசல் வரை போனவர் நின்று, “ஒனக்கு?” என்றார்.

எனக்கும் இல்லை என்றேன்.

நீ மாத்திரையை விட்டுவிடாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி,
அஸ்வதி